மணி நின்ற நேரம்

பனிக்குள்ளிருந்து நான்கு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் பசீல் மறுபடி மணிக்கயிற்றைப் பிடித்தான். இழுக்கவில்லை.

"எங்கடா அவன்?" மொலீன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துப் பனியை உதறினான். "ரத்த சாசேஜ் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சானா, இல்ல வர்ற வழியிலயே முழுங்கிட்டானா?"

பின்னால் நின்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

லெயோன்ஸ் காலையில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் பன்றி அறுக்கப் போயிருந்தான். மதியம் திரும்ப வேண்டியவன். அதற்குள் பனிச்சூறை பிடித்துக்கொண்டது.

லொசேர் மலையில் அது பிடித்தால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. காதுதான் வழி. ஒன்பது வீடுகள் உள்ள அந்த ஊரில் தேவாலயம் கிடையாது. ஆனால் ரொட்டி சுடும் பொது அடுப்பின் கூரைமேல் ஒரு மணி இருந்தது.

வெளியே போனவன் வீடு சேரும்வரை மணி நிற்கக் கூடாது. நின்றால், ஆள் வந்துவிட்டான் என்று பொருள். அந்த ஊரில் நடக்கப் பழகும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

இன்றைக்கு முறை பசீலுடையது. மற்ற நான்கு பேரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாதையோரம் நட்டிருக்கும் வழிக்கற்களைத் தடவித் தடவித் தேடப் போனார்கள். மூன்றாவது கல்லைத் தாண்டியபோது மணி நின்றது.

கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பிவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் விடாமல் அடித்திருந்தான் பசீல். தோள் மரத்துப்போனது உண்மைதான். ஆனால் அதற்காக அவன் நிறுத்தவில்லை.

"கயிறு உறைஞ்சுபோச்சு," என்றான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

மொலீனின் சிரிப்பு உடனே போகவில்லை. வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் கயிற்றைப் பார்த்தது. பசீலின் கைக்குக் கீழே அதன் நுனி காற்றில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது லெயோன்ஸின் மனைவி அல்பானி ஓடிவந்தாள். தலையில் துணி இல்லை. கணப்பில் காட்டிச் சூடாக்கிய கம்பளிக் காலுறைகளை, சூடு ஆறாமல் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"சூப்பு ஊத்தி வெச்சுட்டேன். எங்க அந்த மனுஷன்? வாங்கிக் கட்டிக்கணும்னு பயந்து ஒளிஞ்சுக்கிட்டாரா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான்கு முகங்கள். அப்புறம் பசீல். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

மொலீன் பாதி அவிழ்த்திருந்த இடுப்புக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "நடங்கடா," என்றான். வந்த வழியே போனார்கள். அவர்கள் வந்த தடத்தை அதற்குள் பனி மூடியிருந்தது.

அல்பானி அந்தக் காலுறைகளை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். பசீலிடமிருந்து கயிற்றை வாங்கினாள். பிடுங்கியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வாங்கினாள்.

மணி மறுபடி அடித்தது.

"இத நான் பாத்துக்கறேன். நீங்களும் போங்க பசீல் அண்ணே. ஆடு மேய்க்கிற உங்களுக்குத் தெரியாத பள்ளமா? உங்க கண்ணுலதான் படுவாரு."

உண்மை. மொலீனுக்குத் தெரியாத இரண்டு பள்ளங்கள் அவனுக்குத் தெரியும். லெயோன்ஸ் ஒதுங்கினால் அவற்றில் ஒன்றில்தான் ஒதுங்கியிருப்பான்.

பசீல் தலையாட்டினான். நகரவில்லை.

"போங்கண்ணே!"

அடுப்பு வாசலின் காய்ந்த கல்தரையில் அவனுடைய வலது பூட்ஸ் ஊன்றியபடியே இருந்தது. அதற்கு அடியில் பாதி குடித்த சிகரெட் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

புகையிலையைத் தாளில் சுருட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அல்பானி அடித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவன் காலைத் தூக்கவில்லை.