அணைந்த பிறகுதான் கிளம்பும்

குமணன்சாவடி டாக்சிக்காரர் வேம்புலியின் அம்பாசடரில், கதவைத் திறந்தால் எரிகிற உள்விளக்கு, அவர் மனைவி கெங்கம்மாள் இறந்த நாளிலிருந்து எரியவில்லை. அவள் இருந்தவரை, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, விளக்கு அணைந்த பிறகுதான் அவர் வண்டியைக் கிளப்புவார். இன்று அந்த வண்டியையே திருமழிசைக்காரர் ஒருவருக்கு விற்பதாக இருந்தார்.

"அவளுக்கே வண்டி புடிக்காம பூட்ச்சி, சொர்ணம்."

"ஒயர் கோளாறுக்கெல்லாம் அம்மாவ இழுக்காத நைனா! பிசிக்ஸ் படிச்சவ எதுக்குக் கீறேன்?"

வீட்டின் முதல் பட்டதாரி மகள் சொர்ணம், கத்துவதிலும் முதல்தான். விளக்கு எரிந்துவிட்டால் நைனா வண்டியை விற்கமாட்டார் என்று நம்பினாள். புது பல்பு போட்டாள். ஃப்யூஸைப் பார்த்தாள். கதவிடுக்கில் இருந்த சுவிட்சைத் துருபோகத் தேய்த்தாள். எரியவில்லை. ஆத்திரத்தில் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வுடும்மா. நீ ஏறு, போலாம்," என்று வேம்புலி அவளுக்காகப் பின்கதவைத் திறந்தார்.

விளக்கு எரிந்தது.

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

வேம்புலி முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

"திருமழிசைக்காரராண்ட வண்டி இல்லன்னு சொல்லிட்டு வந்துடலாம். இன்னா நின்னுகினே கீறே?"

சொர்ணத்தின் உள்ளங்கையில் பல்பு சுட்டது. சுற்றி வந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா," என்றாள் கடுகடுப்பாக.