ஆறாவது பெட்டி

ஒன்பது வயதில் இறந்துபோன மகனின் பொம்மை ரயிலை, முப்பது வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கினார் லிஃப்ட் மெக்கானிக். பெட்டிகளை இணைக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் பழுப்பேறித் தலை தொங்கிக் கிடந்தன. வெந்நீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஆறவிட்டு மாட்டினார். தண்டவாளத்தை அந்தக் காலம்போலவே கட்டிலுக்கு அடியில் வளைத்துப் போட்டார்.

ஆறு பெட்டிகளோடு உள்ளே போன ரயில் ஐந்தோடு வெளியே வந்தது. கொக்கியை இழுத்துப் பார்த்தார், உடும்புப் பிடி. பெட்டியை எடுத்து மாட்டி நான்கு தடவை ஓட்டியும் இதே கதை.

“அவன் எப்பவும் கடைசிப் பெட்டியக் கழட்டி வச்சுக்குவானே, புதுசா என்ன?” என்றாள் மனைவி, காய் நறுக்கியபடி. “நீங்களும் காட்டுக்கத்தல் கத்துவீங்க.”

“நாப்பது மாடி லிஃப்டே என் பேச்சைக் கேக்கும். இது எம்மாத்திரம்?” என்று கொக்கியில் பசையைத் தடவிக் காயவைத்தார்.

ஐந்தாவது தடவை ஆறு பெட்டிகளும் வெளியே வந்தன.

“பாத்தியாடி!” என்று தொடையைத் தட்டினார்.

கட்டிலுக்கு அடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். “இப்பவும் அழ வச்சிட்டீங்களா?”

அவர் கொக்கியை உடைத்து, குப்புறப் படுத்து, கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளினார். “இந்தாடா, நீயே வச்சுக்க. அப்பா திட்டல.”

சற்று நேரம் பொறுத்து, பெட்டி மெல்ல உருண்டு அவர் கைக்கே திரும்பி வந்தது.