மூன்று நீலப் புள்ளிகள்

போலீஸ் ரேகை நிபுணர் வகுப்பின் எழுத்து அட்டையைக் குழந்தைகளின் மேசைமேல் விரித்தார். மேசை முழங்கால் உயரம்தான். அவர் குனிந்தபடியே பேச வேண்டியிருந்தது.

“மத்த பிள்ளைங்களை எல்லாம் அடையாளம் கண்டாச்சு. பாக்கி ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையோட ரேகையும், இந்தக் கடைசி எழுத்துல இருக்கற ரேகையும் சேரலை.”

குட்டி நாற்காலியில் முட்டி மடங்க உட்கார்ந்திருந்த தாய் நிமிர்ந்தாள்.

“அப்போ அது எம்பிள்ளை இல்ல.”



எரிந்துபோன வேனின் ஓட்டுநர், வழியில் கை காட்டும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்கிறவர். அன்றும் யாரையாவது ஏற்றினாரா என்று கேட்க, அவரும் இப்போது இல்லை. பிள்ளையைக் காணோம் என்று வேறு எந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அதை அந்த அறையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகுமாம்.

டீச்சர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகளுக்காக அவள் கண்டுபிடித்த விளையாட்டு அது. பெரிதாக வரைந்த எழுத்தின் மேல், விரலை வண்ணத்தில் தோய்த்து ஒற்றிக்கொண்டே போக வேண்டும். எறும்புகள் வரிசையாக வீட்டுக்குப் போவதுபோல. கோட்டை விட்டு விலகினால் அந்த எறும்பு தொலைந்துவிடும்.

‘அ’ முழுக்க சிவப்பு எறும்புகள். ‘இ’ மஞ்சள். ‘ஔ’ பச்சை. அதைப் போட்டவள் பாதியில் களைத்துப்போய், மிச்சத்துக்கு உள்ளங்கையையே பதித்துவிட்டிருந்தாள்.

கடைசியில், ஒட்டாமல் தனியாக, ஃ. மூன்று நீலப் புள்ளிகள்.

அது மாப்பிள்ளையின் எழுத்து.

கையில் ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாது அவனுக்கு. மணல் தட்டில் மற்றவர்கள் விரலால் எழுதும்போது அவன் குச்சி கேட்பான். மாவில் எழுத்து செய்யச் சொன்னால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். சட்டை கசங்காமல், கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி நிற்பதைப் பார்த்து ஆயா வைத்த பெயர் அது.

அதனால்தான் இருப்பதிலேயே சுலபமான எழுத்தை டீச்சர் அவனுக்கென்று ஒதுக்கியிருந்தாள்.

“மூணே மூணு புள்ளிதான் மாப்பிள்ளை. உனக்குப் பிடிச்ச நீலம்தான்.”

“தொரைக்கு விரல் நனையக்கூடாதுல்ல” என்று ஆயா வாளியோடு வந்து நின்று சிரித்தாள்.

அவன் இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டான். டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பிரிக்க, அவன் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தான்.

அன்று மாலை அழைத்துப்போக வந்த தாய், சுவரில் அட்டையைப் பார்த்து வாயில் கைவைத்தாள். இவனா, இவனா விரலை வைத்தான் என்று கேட்டுக் கேட்டு அந்தப் புள்ளிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. டீச்சர் சிரித்தபடி தலையாட்டினாள்.  மாப்பிள்ளை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை வேன் பள்ளிக்கு வந்து சேரவில்லை.

வண்ணக் கிண்ணங்கள் இன்னும் ஜன்னலோரம் காய்ந்து வெடித்துக் கிடந்தன. யாருக்கும் கழுவத் தோன்றவில்லை.

தாய் எழுந்து கதவருகே போய்க் கணவனுக்குப் போன் செய்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் குரல் எழும்பிக் கேட்டது.

“கதவுகிட்டதானே உக்காருவான், குதிச்சிருப்பான். பயந்துபோய் எங்கயோ ஒளிஞ்சிருக்கான் திருட்டுப்பய. வரட்டும், இருக்கு அவனுக்கு. நீங்க மொதல்ல கட்டில் விரிப்பை மாத்துங்க. அழுக்குல படுக்க மாட்டான்.”

நிபுணர் டீச்சர் பக்கம் சாய்ந்து, தாய்க்குக் கேட்காத குரலில் சொன்னார். நெருப்பில் ரேகை தப்புவது அபூர்வமாம். கை மூடியிருந்தால்தான் தப்புமாம். பாக்கி இருக்கும் அந்தப் பிள்ளையின் கைகள் மற்ற எல்லோரையும்விட இறுக்கமாக மூடியிருந்தனவாம். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம்.

டீச்சரின் கண் அந்த மூன்று நீலப் புள்ளிகளுக்குப் போனது.

நிபுணர் கறுப்பு மைப்பெட்டியைத் திறந்தார். அட்டையைத் தொட்ட பெரியவர்களின் ரேகையைத் தனியே பிரித்து வைக்க வேண்டும், வழக்கமாகச் செய்வதுதான் என்றார். ஆயா வைத்தாள். டீச்சரும் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் உருட்டிக் கொடுத்தாள்.

“போதும் டீச்சர். அட்டையைப் பிடிச்சு மாட்டறப்போ இந்த ரெண்டும்தான் படும்.”

மைப்பெட்டியை மூடப்போனார்.

கதவருகே தாய் சிரிப்பது கேட்டது. போனில் கணவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நீங்க கொடுக்கற செல்லம்தான் எல்லாத்துக்கும் காரணம் என்று அவள் அவனைத் திட்டினாள். திட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள்.

டீச்சர் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

பிறகு சுண்டு விரலை நீட்டினாள். அவள் கையில், ஒரு பிள்ளையின் விரல் அளவுக்குச் சிறியது அது ஒன்றுதான்.

நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது.