ஏழாவது ஓட்டம்

"இந்த நெஞ்சோட மலையேறினா ஆள் தப்பாது, காளிமுத்து."

மறந்துவிட்டுப் போன தொப்பியை எடுக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய கிளாக்கர் சண்முகநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே டாக்டருக்கு முன்னால் தபால் சுமக்கும் 'தப்பால்காரன்' காளிமுத்து தலையைக் குனிந்தபடி நின்றான்.

தொப்பி கிடக்கட்டும் என்று சண்முகநாதன் ஓசைப்படாமல் நழுவினார். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

1934ஆம் ஆண்டு அது. இலங்கையின் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்று வருடா வருடம் ஒரு மலையோட்டம் நடக்கும்; வென்றவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. ஓடுவது இவர்கள் இருவர்தான். விடியலில் ஆறு மைல் ஓடாமல் தேத்தண்ணீர்கூடத் தொடாதவர் சண்முகநாதன். ஆனால் தபால் பையைச் சுமந்தே மலையேறிப் பழகிய காளிமுத்து, ஆறு வருடமாக அவரைத் தோற்கடித்து வந்தான். தன் முன்னால் கைகட்டி நிற்கும் கூலி தன்னை முந்துவதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவுப்படி, ஓட்டத்துக்குச் சற்று முன் இருவருக்கும் பரிசோதனை. சண்முகநாதனின் மார்பில் குழாயை வைத்து டாக்டர் வெகுநேரம் கேட்டார். "கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவை பாக்கணும்" என்றார்.

"எனக்கொரு வருத்தமும் இல்லை, உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவனைப் பாருங்கோ" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறிய அவசரத்தில்தான் தொப்பியை மறந்திருந்தார்.

ஓட்டம் தொடங்கும் இடத்துக்குக் காளிமுத்து பதறிக்கொண்டு வந்தான்.

"ஐயா, இந்த வருசம் ஓட்டம் வேணாங்க. டாக்டரையா சொன்னாரு..."

"அவர் சொன்னது எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமாங்க? அவரு துரைகிட்ட போயிருக்காரு. வரட்டுமுங்க."

துரை வந்தால் ஓட்டம் நின்றுவிடும், கோப்பையும் போய்விடும். சண்முகநாதனின் குரல் கடுமையானது.

"ஓடாட்டி நாளைக்கு உனக்குத் தப்பால் வேலை இல்லை. பெண்சாதி பிள்ளையளோட லயத்து வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான்."

காளிமுத்து கோட்டருகே வந்து நின்றான். விசிலை ஊதும்படி கங்காணியை அதட்டினார் சண்முகநாதன்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முன்னால் போன காளிமுத்து பாதி ஏற்றத்திலேயே நடக்கத் தொடங்கினான்.

"மெதுவாப் போவோங்க, ஐயா."

"என்ன, ஏலாமப் போச்சோ? சாகிறதெண்டா ஒரு பக்கமாக் கிடந்து சாகடா!"

அவனைத் தேயிலைச் செடிக்குள் தள்ளிவிட்டு முன்னேறினார். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியை முதலில் தொட்டவர் அவர்தான். இடது கை மரத்துப்போயிருந்தது; உடம்பெல்லாம் வேர்வை குளிர்ந்தது. ஏறி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார்.

காளிமுத்து ஓடிவந்தான். அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அவனுக்குப் பின்னால், டாக்டர் அனுப்பிய நாலு பேர் ஆஸ்பத்திரித் தூக்குக்கட்டிலோடு.

"உன்னைத் தூக்க ஆள் வந்திட்டுதோ?" என்று சிரிக்கப் பார்த்தார் சண்முகநாதன்.

காளிமுத்து மண்டியிட்டு, அவருடைய சட்டைப் பொத்தான்களை அவசரமாகக் கழற்றினான்.

"டாக்டரையா சொன்னது உங்க நெஞ்சைங்க."