ஒற்றை ஸ்பேனர்

"இதானாம்மா உன் வேலை லட்சணம்?" என்றார் கேப்டன், அவள் படகில் கால் வைப்பதற்குள்ளாகவே.

மூன்று வாரத்தில் மூன்றாவது முறை. அதே பாய்மரப் படகு, அதே ஃப்ரிட்ஜ், அதே கேஸ் லீக்.

படகுத்துறையே 'ஃப்ரிட்ஜ் அக்கா' என்று கூப்பிடும் அந்த மெக்கானிக் கருவிப் பையோடு படகில் ஏறினாள். போன மாதம் கம்ப்ரஸரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். கேஸ் ஓடும் செப்புக் குழாய்களைக் கழற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்தது அவள்தான். அன்றிலிருந்துதான் இந்த வியாதி.

கேப்டன் நிஜக் கேப்டன் இல்லை, ரிட்டையரான ஆபீசர். படகிலேயே உலகத்தைச் சுற்றப் போவதாகப் பத்து வருஷமாக ஊரெல்லாம் சொன்னதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த மாதக் கடைசிக்குள் கிளம்பாவிட்டால் காற்று திசை மாறிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். ஃப்ரிட்ஜ் இல்லாமல் கிளம்பவும் முடியாது. அவருடைய இன்சுலின் அதில்தான் இருந்தாக வேண்டும்.

"இன்னிக்கும் சரியாகலேன்னா, துறை ஆபீஸ் போர்டுலேர்ந்து உன் பேரை எடுக்கச் சொல்லிடுவேன்."

போர்டில் பெயர் போனால் அவள் பிழைப்பே போச்சு. துறைக்கு வருகிற படகுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவார்கள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேப்டன் மேல்தளத்தில் நின்று பக்கத்துப் படகுக்காரரிடம் அவள் புகழைப் பாட ஆரம்பித்தார். அவள் கீழே இறங்கினாள். அங்கே கேப்டனின் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இருக்கைப் பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, நட்டின்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். குமிழி வந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். போன இரண்டு தடவையும் நேராக இருந்த செப்புக் குழாய் இப்போது லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் போட வேண்டும் என்பது. ஒன்று பிடித்துக்கொள்ள, இன்னொன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் திருகினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அவள் தூக்கத்தில்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். யாரோ வேலை தெரியாதவர்கள் கைவைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அம்மா, இதை யாரோ வேணும்னே லூஸ் பண்ணியிருக்காங்க."

அந்த அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான்தான்மா. மூணு தடவையும் நான்தான்."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்குப் போகப் பிடிக்காவிட்டால் புருஷனிடம் சொல்ல வேண்டியதுதானே, என் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள் என்று கேட்டே விட்டாள்.

"தப்புதான். உன் பேர் கெடும்னு நான் யோசிக்கல. அவரைக் கூப்பிடு" என்றார் அந்த அம்மா.

கேப்டன் இறங்கி வந்ததும் அந்த அம்மாவே சொன்னார். "எனக்குக் கடல்னா பயம். சொல்லத் தெரியாம இதைக் கழட்டி விட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஆபீஸ்லயும் போய்ச் சொல்லிடுங்க."

கேப்டன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தாள். குதிக்கவில்லை. அவளிடம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். மனைவியிடம், நீ பயந்துகொண்டு வந்தால் எனக்கு மட்டும் என்ன சந்தோஷம், இங்கேயே இருந்துவிடுவோம் என்றார். சொன்ன கையோடு ஆபீஸுக்குக் கிளம்பினார்.

போகிற வழியெல்லாம் ஒவ்வொரு படகாக நின்று, வீட்டம்மாவுக்குப் பயம், பயணம் கேன்சல் என்று அவர் சொல்லிக்கொண்டு போவது கீழே வரை கேட்டது. யாரோ சிரித்ததும் கேட்டது.

மெக்கானிக் முறுக்கிய குழாயை நிமிர்த்தி, இரண்டு ஸ்பேனர் போட்டு நட்டை இறுக்கினாள். பெயர் தப்பித்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு மனுஷனின் பத்து வருஷக் கனவை இப்படியா பாழாக்குவது?

"இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு, அவரை எதுக்கும்மா படகு வாங்க விட்டீங்க?"

"வாங்கச் சொன்னதே நான்தான். எனக்கென்னம்மா பயம்? இன்னிக்குக் கிளம்புன்னாலும் கிளம்பிடுவேன்."

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"போன மாசம் பாயை ஏத்தும்போது அவர் கை நடுங்கிக் கயிறு நழுவிடுச்சு. நான் பாக்கலைன்னு நினைச்சிட்டிருக்கார். அப்படியே நினைச்சிட்டு இருக்கட்டும்."