ரெண்டாவது டெஸ்ட்

"இன்னும் போடுண்ணா! வுடாத!" என்று கத்தினாள் திலகவதி.

அண்ணன் மணவாளனின் கையிலிருந்த மூங்கில் கழி மறுபடி இறங்கியது. அவள் புருஷன் குமரேசன் தறிக்குழிக்குள் சரிந்து விழுந்தான். கிழிந்த உதட்டிலிருந்து தெறித்த ரத்தம், பாதி நெய்திருந்த சந்தன நிறப் பட்டில் பொட்டுப் பொட்டாக ஊறியது.

"சொல்லுடா, எவகிட்டப் போன?"

"பேரு... பேரு தெரியாது மச்சான்."

"எந்த ஊருடா? வேலூரா?"

"ஆமா... வேலூர்தான்னு வெச்சிக்கோ."

"திமிரா பேசற?" கழி வலது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் திலகவதிக்கே கேட்டது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

அன்று காலை திலகவதி முடிவு வாங்கப் போனது, முழுகாமல் இருக்கும் பெண்களுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்த டெஸ்டுக்குத்தான். அதில் வி.டி.ஆர்.எல். என்ற ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்று வந்திருந்தது. துணைக்குப் போன மணவாளன் லேப் வாசலில் நின்ற ஒருவரிடம், "இதுன்னா இன்னாங்க?" என்று கேட்டான். "பொம்பள சீக்கு" என்று பல்லைக் காட்டினார் அந்த ஆள். டாக்டரைப் பார்க்கக்கூட நிற்காமல் தங்கையை ஆட்டோவில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான் மணவாளன்.

வாசற்படி தாண்டியதுமே அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான். "எவன்டி அவன்? மானத்த வாங்கிட்டியேடி!" என்று கழியை ஓங்கினான். தறியில் இருந்த குமரேசன் விஷயம் காதில் விழுந்ததும் பாய்ந்து வந்தான்.

"அவள வுடு மச்சான். தப்பு எம்மேலதான். நான்தான் போனேன்."

அதற்குப் பிறகு யார் நிதானத்தில் இருந்தார்கள்? திலகவதியே பித்தளைச் சொம்பை எடுத்து அவன் நெற்றியில் அடித்தாள். "எம் புள்ளைக்கும் சேத்து விஷம் வெச்சிட்டியேய்யா, பாவி!" அவன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே டாக்டர் லீலா ஆள் அனுப்பினார். "ரிசல்ட்ட வாங்கிகிட்டு ஓடச் சொன்னது யாரு? புருஷனையும் கூட்டிகிட்டு வா" என்று சத்தம் போட்டு, இருவரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று குமரேசன் கையில் மாவுக்கட்டோடு ஓரமாக நின்றான். திலகவதி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மொதல்ல எடுத்தது சும்மா சலிச்சுப் பாக்கற டெஸ்ட்தாம்மா" என்றார் டாக்டர். "நோய் இல்லாமயே பாசிட்டிவ்னு காட்டும். ஜுரம் வந்தா காட்டும், புள்ளத்தாச்சிங்க சில பேருக்கும் காட்டும். அதனாலதான் ரெண்டாவது டெஸ்ட். அதுல உனக்கு ஒண்ணுமே இல்ல. புள்ளைக்கும் பயமில்ல."

திலகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அவருக்குங்க?"

"அவருக்கும் இல்ல."

"ஊசி போட்டுகினு சரி பண்ணியிருப்பான், டாக்டரம்மா" என்றான் மணவாளன்.

"சரியாப் போனாலும் இந்த டெஸ்ட் காட்டிக் குடுத்துடும்பா. இவருக்கு அந்த நோய் வந்ததே கெடையாது."

திலகவதி எழுந்து புருஷனிடம் போனாள். தையல் போட்ட அந்த உதட்டை அப்போதுதான் அருகில் பார்த்தாள்.

"பின்ன ஏன்யா போனேன்னு சொன்ன?"

குமரேசன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வயித்துல புள்ளய வெச்சிகினு நீ எப்பிடி அடி தாங்குவ?"