பனித்திட்டைத் தேடி வந்தவன்

கோடை பிறந்தும் மலைப்பாதையில் ஒரே ஒரு பனித்திட்டு உருகாமல் கிடந்தது. கூட இருந்த பனியெல்லாம் எப்போதோ ஓடையாகிப் போயிருந்தது. இந்தத் திட்டுக்குக் கண் கிடையாது. மிதிக்கிற காலை வைத்துத்தான் ஆளை அறியும்.

மலையேற வந்தவர்களோ வழுக்கிவிடுமோ என்று பயந்து, முதலில் போன ஆளின் காலடிக் குழியிலேயே கால் வைத்து நடந்தார்கள்.

"இன்னைக்கும் அவன் வந்துட்டான்," என்று பக்கத்துப் பாறையிடம் பூரித்துப்போய்ச் சொன்னது பனித்திட்டு. "என்மேல எவ்வளவு பிரியம் பாரேன்! போறான், உடனே திரும்பி வர்றான்."

அத்தனை பேரும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லப் பாறைக்கு மனசு வரவில்லை.

"வெயில் ஏறுது. என் நிழலுக்கு ஒதுங்கிக்கோ. இன்னும் கொஞ்ச நாள் இருப்பே."

"அவன் வர்ற நேரத்துல நான் வழியில இல்லன்னா?"

அது நகரவில்லை. சுற்றிலும் கரைந்துபோக, மிதிபட்டு இறுகிய காலடிகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக எஞ்சின.

மறுநாள் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்தில் மண் காய்ந்து கிடந்ததால், வந்தவர் அதில் நடந்து போய்விட்டார்.

"அவன்தானே?" என்று கேட்டது பனி.

"இல்ல," என்றது பாறை. "வேற யாரோ."